பந்தி மேசையில் போட்ட ஊசி

தேவயானிக்கு வலது முழங்கால் முதன்முதலாகப் பிடித்துக்கொண்டது, விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்த ஒரு நாள். கேலரிப் படியில் ஏறும்போது மூட்டுக்குள் ஏதோ நறநறவென்று அரைபட்டது. பிசகியிருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டு படுத்தாள். அது பிசகு இல்லை. இரண்டு வருஷத்தில் தரையில் உட்கார முடியாமல் போயிற்று. கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கி உள்ளே போட வேண்டியிருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பி.டி. டீச்சர். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். கல்லூரியில் கோகோ ஆடியவள். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவள் சத்தம் போட்டால், எதிர்மூலையில் நிழலில் ஒதுங்கி நிற்கும் பிள்ளை தானாக ஓட ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு "ஓடுங்கடா" என்று சொல்ல வேண்டி வந்ததில் அவளுக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "தேய்மானம். எடையைக் கொஞ்சம் குறைங்க. தொடைத் தசைக்கு எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்றார். இருபத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் எக்ஸர்சைஸ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. எனக்கேவா என்று நினைத்தாள். செய்யவில்லை.

அந்த நிலைமையில்தான், முழுப்பரீட்சை நேரத்தில், மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"மிஸ்! என்னைத் தெரியலையா? பவித்ரா. ரிலேல மூணாவதா ஓடுவேனே!"

தெரிந்தது. பேட்டனைக் கீழே போடாத ஒரே பெண் அந்த டீமில் இவள்தான். மந்தாரக்குப்பத்தில் புதிதாகத் திறந்திருக்கும் 'அஸ்திவாரம் மூட்டுப் புதுப்பிப்பு மையம்' என்ற கிளினிக்கில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். டீச்சர் நொண்டுவதைப் பார்த்துக் கண் கலங்கினாள். அது நடிப்பில்லை. "ஒரே ஊசி மிஸ். ஆபரேஷனே வேண்டாம். வந்துதான் பாருங்களேன்."

மூட்டுவலிக்காரர்களுக்கான அந்தக் கிளினிக் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. தேவயானி சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். டாக்டர் மணிமாறன் இனிமையாகப் பேசுகிறவர். "உங்க ரத்தமே உங்களுக்கு மருந்து மேடம்" என்றார். அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு இயந்திரத்தில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் காட்டினார். அதை மூட்டுக்குள் செலுத்தினால் தேய்ந்துபோன ஜவ்வு புதிதாக வளரும் என்றார். கூடவே எண்ணெய், மூலிகைப் பொடி, காந்த பெல்ட். எல்லாம் சேர்ந்ததுதான் ஒருங்கிணைந்த சிகிச்சையாம். முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. அப்புறம் அந்த மஞ்சள் நீர்.

கொஞ்ச நேரத்தில் முழங்கால் அவளுடையதாகவே இல்லை. வலி என்ற ஒன்று அங்கே இருந்த சுவடே தெரியவில்லை.

"படி இறங்கி ஏறிப் பாருங்க மேடம்."

இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பவித்ரா செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, "எப்படி இருக்கு மிஸ்?" என்று கேட்டாள்.

"வலியே இல்ல பவித்ரா! சத்தியமா இல்ல!"

அன்று சாயங்காலமே மரப்பு விட்டது. முழங்கால் வீங்கிக் கொதித்தது. போன் செய்தால் பவித்ராதான் எடுத்தாள். "மருந்து வேலை செய்யுது மிஸ். சூடு வர்றது நல்லது. தைலத்தைத் தடவிட்டுப் படுங்க." நாலைந்து நாளில் வீக்கம் வடிந்து பழைய வலி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று ஊசி போட்டால்தான் முழுப் பலன் என்று இப்போது சொன்னார்கள்; பள்ளி லீவு விட்டபிறகு இரண்டாவது ஊசியும் போட்டுப் பார்த்தாள். அதே கதைதான். மூன்றாவதுக்கு அவள் போகவில்லை.

எதிர் பிளாக்கில் குடியிருந்த சத்யப்பிரியா ஒரு பிசியோதெரபிஸ்ட். அவளிடம் போய்ச் சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த ஊசியே பொய்னு சொல்ல மாட்டேன் மேடம். தேய்மானம் ஆரம்பத்துல இருந்தா, சிலருக்கு வலி கொஞ்ச நாள் குறையுது. சிலருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. ஆனா புது ஜவ்வு வளரும்னு சொன்னார் பாருங்க, அது அப்பட்டமான பொய்" என்றாள். பிறகு தேவயானியை நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டி மடக்கச் சொன்னாள். தொடை நடுங்கியது. ஊரையே ஓடவைத்தவளுடைய தொடையில் வலு இல்லை. அன்றிலிருந்து தேவயானி காலையும் மாலையும் வாயை மூடிக்கொண்டு பயிற்சி செய்தாள். மந்திரம் மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் மெதுவாக, மிக மெதுவாக, பஸ் படியில் காலை வைக்க முடிந்தது.

மே மாதம் கோயம்புத்தூரில் மகள் ஹரிணி வீட்டில் இருந்தபோது, வாட்ஸ்ஆப்பில் யாரோ ஒரு வீடியோவை அனுப்பினார்கள். தேவயானி படியில் இறங்குகிறாள், ஏறுகிறாள், சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: நெய்வேலி பி.டி. டீச்சரே சொல்கிறார்! ஊர் திரும்பினால் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் பேனரிலும் அவள் நின்றாள்.

கிளினிக்குக்குப் போன் போட்டுக் கத்தினாள். "டாக்டர்கிட்ட சொல்றேன் மிஸ்" என்றாள் பவித்ரா. பேனர் அங்கேயே இருந்தது. தேவயானியின் கணவர் செந்தில்நாதன் சுரங்கத்தில் ஷிப்ட் போர்மேன்; எதற்கும் பதறாத மனுஷர். "போட்டோல நல்லாத்தான் இருக்க. விடேன், வெயில்ல தானா வெளுத்துப் போயிரும்" என்றார்.

பள்ளி திறந்த அன்று, காலையில் மைதானம் கூட்டாமல் கிடந்தது. அதைக் கூட்டுகிறவள் கலியம்மாள். கான்ட்ராக்ட் ஆள். பக்கத்துக் கிராமத்துக்காரி, அவர்களுடைய நிலம் அவள் கல்யாணமாகி வந்த காலத்திலேயே சுரங்கத்துக்குப் போய்விட்டது. தேவயானிக்கும் அவளுக்கும் வயது ஏறக்குறைய ஒன்று, வலியும் ஒன்று. காலையில் கொடிக்கம்பத்தடியில் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் குசலம் விசாரிப்பது முழங்காலைத்தான். "இன்னிக்கி எப்படி இருக்குதுங்க டீச்சர்?" "உன்னுது எப்படி இருக்கு?" லீவில் பார்த்துக்கொள்ளவில்லை.

புதிதாக வந்திருந்த பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "கலியம்மாக்கா இனிமே வராதுங்க. காலு போச்சி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில படுத்துகினு கீது."

தேவயானி மறுநாளே புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள். எலும்பு வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கலியம்மாள் படுத்திருந்தாள். வலது கால் தொடையிலிருந்து பாதம் வரை கட்டுக்குள் இருந்தது. மூட்டிலிருந்து ஒரு குழாய் இறங்கியது. மகள் சரிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கலியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு டீச்சர் இம்மாந்தூரம் வந்தீங்க? காலு வேற முடியாம..."

"என்ன கலியம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லிங்க. நீங்க படி ஏறி எறங்குனத சரிதா போன்ல காமிச்சா. டீச்சருக்கே செரியா போச்சின்னா எனக்கும் போவும், ரெண்டு பேருக்கும் ஒரே வலிதானேன்னு நெனச்சங்க. மந்தாரக்குப்பத்துல கல்யாண மண்டபத்துல முகாம் போட்டாங்க. போனன்."

"மண்டபத்துலயா ஊசி போட்டாங்க?"

"சாப்புடற ஹாலு இருக்குதுல்லிங்க, அங்கதான். பந்தி டேபுளு மேல பேப்பரு ரோல விரிச்சி வரிசையா படுக்க வெச்சாங்க. ஒரு பக்கம் சாம்பாரு வாசன, ஒரு பக்கம் ஸ்பிரிட்டு வாசன. ஊசி போட்டவரு கையில ரப்பரு ஒற மாட்டிகினு இருந்தாரு. எனக்கு முன்னாடி எத்தினியோ பேரு. எல்லாருக்கும் அதே ஒறதாங்க. கழட்டவேயில்ல."

அதற்கப்புறம் நடந்ததைச் சரிதா சொன்னாள். இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிச் சிவந்துவிட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தாள். "மருந்து வேல செய்யுது, சூடு வர்றது நல்லது, தைலத்த தடவுங்கன்னு ஒரு அக்கா சொல்லுச்சிங்க. தெனமும் போன் பண்ணன். தெனமும் அதையேதான் சொல்லுச்சி. அம்மா தன்னால பேச ஆரம்பிச்சிடுச்சி, அதச் சொன்னதுக்கும் அதே பதிலுதான். அப்பறந்தான் பயந்துபோயி இங்க தூக்கியாந்தோம்."

வார்டு டாக்டர் சின்னப் பெண். மூட்டுக்குள் சீழ் கட்டியிருந்ததாகவும் இரண்டு தரம் திறந்து கழுவியதாகவும் சொன்னாள். "ரத்தத்துல கலந்திருந்தா ஆளே போயிருப்பாங்க. இனிமே இந்த மூட்டு மடங்காதுங்க."

கலியம்மாள் தேவயானியின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அழாதீங்க டீச்சர். ஒங்கமேல தப்பில்ல. எனக்குத்தான் ராசியில்ல."

அந்த வார்த்தைதான் தேவயானிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். ராசியா! ஒரு பெண்ணின் காலைச் சீழ்பிடிக்க வைத்து, அவள் காய்ச்சலில் பிதற்றுகிறவரை 'நல்லது நல்லது' என்று சொல்லிவிட்டு, கடைசியில் பழி அவளுடைய ராசியின்மேல். அதற்கு வழிகாட்டியது தன்னுடைய சிரித்த முகம். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் பற்களைக் கடித்துக்கொண்டே வந்தாள். வடலூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மந்தாரக்குப்பத்தில் இறங்கி நேரே செல்போன் கடை மாடிக்குப் போனாள்.

"பவித்ரா, சூடு வந்தா நல்லதுன்னு கலியம்மா வீட்டுக்குச் சொன்னது நீதானே?"

பவித்ராவின் முகம் வெளிறியது. "எல்லாருக்கும் அதைத்தான் சொல்லணும்னு டாக்டர் சொல்லியிருக்கார் மிஸ்."

"காய்ச்சல் வந்தாலுமா?"

"என்ன சொன்னாலும் அதைத்தான் மிஸ்."

"அந்தப் பொண்ணு அம்மா பிதற்றுறாங்கன்னு சொன்னாளே, அப்பவும் உனக்கு ஒண்ணும் தோணலையா?"

பவித்ரா அழுதாள். ஆனால் உள்ளே மணி அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள். அதைப் பார்த்தபிறகு தேவயானி அனுமதி கேட்காமல் உள்ளே போனாள்.

டாக்டர் மணிமாறன் பதறவில்லை. உட்காரச் சொன்னார். "இன்பெக்‌ஷன் யாருக்கு வேணாலும் வரலாம் மேடம். நம்ம பக்கம் எல்லாமே பக்கா சுத்தம். அவங்க செய்யற வேலை என்ன? தெருப்புழுதியில புரளற வேலை. வீடு எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஜனங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது. நாம சேவை செய்யப்போனா இந்த மாதிரி பேரு வரத்தான் செய்யும்."

"அவ கூட்டுற மைதானத்துல நூத்துக்கணக்கான பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுது. விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்குது. ஒருத்தருக்கும் இப்படிச் சீழ் பிடிக்கல. நீங்க சோத்து மேசையில போட்ட ஊசியிலதான் பிடிச்சிருக்கு."

"கோபப்படாதீங்க. உங்களுக்கு மூணாவது ஊசி இன்னும் போடலையே? அதை இலவசமாவே போட்டுடலாம்."

"முதல்ல அந்த வீடியோவை எடுங்க."

அவர் சிரித்தார். "அதுல நீங்க பொய்யா சொன்னீங்க? வலியே இல்லன்னு நீங்களேதானே சத்தியம் பண்றீங்க?"

"மரத்துப்போன காலுக்கு வலி எப்படித் தெரியும் டாக்டர்?"

"அன்னைக்கு வலி இல்ல. நீங்க சொன்னது உண்மை. நாங்க போட்டதும் உண்மை" என்று சொல்லிவிட்டு அவர் மணியை அடித்தார்.

தேவயானி படியிறங்கி வரும்போது, ஒவ்வொரு படியிலும் முழங்கால் குத்தியது. இந்தப் படியில்தான் அன்றைக்குச் சிரித்தோம் என்பதே அவமானமாக இருந்தது. அன்று இரவே புகார் எழுதி, கடலூரில் இருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஆனால் அவர்கள் வந்து பார்க்கும்வரை இவர்கள் ஊசி போடாமலா இருக்கப்போகிறார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் மறுபடியும் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆட்டோவின் பின்னால் அவள் படம்.

"நான் போறேன்" என்றாள் கணவரிடம்.

"போய் என்ன செய்வ? அடிக்கவா போற? எங்க மேனேஜரே அவர்கிட்ட ஊசி போட்டிருக்கார். நமக்கெதுக்கு வம்பு?"

"விடேன்னு நீங்க சொன்னீங்க, நானும் பேனரையும் வீடியோவையும் விட்டுட்டேன். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் அவ போனா."

செந்தில்நாதன் ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தினார்.

மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குரிய கூட்டம். எல்லாரும் வலிக்காரர்கள். சுரங்கக் கன்வேயர் பெல்ட் அடியில் குனிந்து கரி வாரியவர்கள், செங்கல் சுமந்தவர்கள், நாற்று நட்டவர்கள். மேடையில் மணிமாறன் பேசிக்கொண்டிருந்தார்; பின்னால் திரையில் தேவயானி சிரித்துக்கொண்டு படியேறினாள். அதே நேரத்தில் நிஜமான தேவயானி மேடையின் பக்கப் படியில், கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து மறுகாலை அதோடு சேர்த்து, குழந்தை ஏறுவதுபோல் ஏறினாள். கூட்டம் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தது.

"பார்த்துக்கங்க" என்றாள் மைக்கைப் பிடித்து. "இதுதான் நான் படியேறுற லட்சணம். அங்க ஏறுறது மரப்பு ஊசி போட்ட காலு. அன்னைக்குச் சாயங்காலமே வலி திரும்பி வந்துருச்சு. இந்த வீடியோவைப் பார்த்து ஊசி போட்டுக்கிட்ட கலியம்மாங்கிறவ இப்ப பாண்டிச்சேரியில கிடக்கா. அவ காலு இனி மடங்காது."

மைக் செத்தது. யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். தேவயானிக்கு மைக் எதற்கு? காற்றில் கொடி படபடக்கும் மைதானத்தில் பேசிப் பழகிய தொண்டை அது. மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி, பந்தி மேசையையும் ரப்பர் உறையையும், சூடு நல்லது என்ற போன் பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டு பையன்கள் அவளைக் கீழே இறக்க வந்தார்கள். அவள் முறைத்த முறைப்பில் நின்றுவிட்டார்கள்.

கூட்டத்தில் சரிபாதி எழுந்து போயிற்று. மீதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்தார். கருப்பசாமி என்று பெயர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி.

"டீச்சர், நீங்க சொல்றது நெசந்தான். நான் சந்தேகப்படல. ஆனா ஊசி வேணாம்னா வேற என்னா பண்றதுன்னு சொல்லுங்க. தெனமும் எக்ஸர்சைஸ் பண்ணணும்பீங்க. மடக்குன காலு மடக்குனபடி எட்டு மணிநேரம் நிக்கிறவன் வூட்டுக்கு வந்து எப்ப எக்ஸர்சைஸ் பண்றது? ரெஸ்ட் எடுன்னா, எடுத்த மறுநாளு எங்க எடத்துல வேற ஆளு. ஆறு மாசத்துல மெதுவா கொறையும்னா, அதுவரைக்கும் எவன் என்னை வேலைக்கு வெச்சிருப்பான்? இவரு ஒரே நாள்ல செரியாவும்ங்கிறாரு. பொய்யின்னு தெரிஞ்சிகினுதான் வந்தோம். வேற கதவு எங்க தொறந்திருக்குது?"

தேவயானிக்கு பர்மனென்ட் வேலை, மருத்துவ லீவு, எதிர் பிளாக்கில் சத்யப்பிரியா. இந்த மனுஷரிடம் போய் தொடைத் தசையைப் பற்றி என்ன சொல்வது? அதுவரை மணிமாறன்மேல் இருந்த கோபம் இப்போது எங்கெங்கோ பரவியது. இத்தனை பேருடைய மூட்டையும் இப்படித் தேய்த்தது எதுவோ, அது இந்த மண்டபத்தில் இல்லை. அதன் பிளக்கைப் பிடுங்க அவளால் முடியாது.

கருப்பசாமி சாப்பாட்டு ஹாலில் வரிசைக்குப் போனார். தேவயானியும் பின்னாலேயே போனாள். ஐந்தாறு மேசைகளில் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

"ஐயா, போட்டுக்கிறதா இருந்தா போட்டுக்கங்க. நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க. கையில இருக்கற உறையைக் கழட்டிட்டு உங்களுக்குப் புதுசு மாட்டச் சொல்லுங்க. ஊசியை உங்க கண்ணு முன்னால பிரிக்கச் சொல்லுங்க. அது உங்க உரிமை."

கருப்பசாமி மேசைப் பக்கம் திரும்பி, "யோவ் தம்பி, அந்த ஒறைய கழட்டு. புதுசு மாட்டிகினு வா" என்றார்.

"இது சுத்தமாத்தான் இருக்கு பெரியவரே."

"சுத்தமோ என்னாவோ, எனக்குப் புதுசு வேணும்."

பின்னால் நின்ற பெண்ணும் கேட்டாள். "எனக்கும் புதுசுதான் வேணும்." அதற்குப் பின்னால் இன்னொருவர். வரிசை முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. ஏற்கெனவே மேசையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். உறை மாட்டியிருந்தவன் விழித்தான். பைகளைக் குடைந்தார்கள், அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். அத்தனை பேருக்கும் மாற்ற உறை இல்லை. மருந்துக்கடைக்கு ஆள் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை மூடியிருந்தது.

"ஒறை வாங்கவே வக்கில்ல, எங்களுக்கு ஜவ்வு வளக்க வந்துட்டானுங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். அதற்கப்புறம் மண்டபத்தில் யார் யாரைக் கேட்பது? பேப்பர் ரோலைக் கிழித்தார்கள். மணிமாறன் பின்வாசல் வழியாகக் காரில் ஏறினார். பேச்சால் கலையாத கூட்டம் ஒரு ஜோடி ரப்பர் உறைக்காகக் கலைந்தது. கருப்பசாமி போகும்போது தேவயானியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் அவர் நொண்டிக்கொண்டேதான் போனார். அந்த நடையை அவளால் மறக்க முடியவில்லை.

விசாரணைக்கு ஆவணியில்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் கலியம்மாள் வீடு திரும்பியிருந்தாள். விறைத்த காலை ஒரு வளைவாக வீசி, கம்பை ஊன்றி நடந்தாள். கான்ட்ராக்டர் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டாயிற்று என்று கைவிரித்துவிட்டார். தேவயானி தலைமையாசிரியையிடம் போய், கலியம்மாளுக்கு வேலை இல்லையென்றால் இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே நடத்த வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அப்படிச் சண்டை போட்டு, விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக் கணக்குப் பார்க்கிற வேலையில் அவளை உட்கார வைத்திருந்தாள். அதுவும் கான்ட்ராக்ட்தான்.

கடலூரில் விசாரணை அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏம்மா, அவன் யாரு, என்ன படிச்சான், எதையுமே விசாரிக்காம போய்க் காலை நீட்டினியா? மண்டபத்துல ஊசி போடறான்னா உனக்குச் சந்தேகம் வர வேணாம்? உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் அவங்க பொழைக்கறாங்க."

தேவயானி வாயைத் திறந்தாள். ஆனால் கலியம்மாள் முந்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ராசியில்லை என்று சொன்ன அந்தக் குரலா இது என்று தேவயானி திரும்பிப் பார்த்தாள்.

"நான் விசாரிக்கணுங்களா? ரோட்டு மேல பேனரு கட்டிகினு, ஆட்டோல மைக்கு கட்டிகினு, மண்டபத்துல நூறு பேர படுக்க வெச்சி ஊசி போடறான். போலீசு பாத்துகினுதான் போவுது. ஆபீசருங்க பாத்துகினுதான் போறீங்க. யாரும் விசாரிக்கல. கூட்டிப் பெருக்கறவ நான் விசாரிக்கணும். வலிக்குதுன்னு போனன்ங்க. வலிச்சவ போவாம யாரு போவா? எல்லாரும் ஏன் போனன்னு என்னியவே கேக்கறீங்க. ஏன் போட்டன்னு அவன யாராச்சும் கேட்டீங்களா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்போம்மா. கேட்கத்தான் கூப்பிட்டிருக்கோம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

கேட்டார்கள். மந்தாரக்குப்பம் மாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். வழக்கு நடக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. வீடியோ இன்னும் எங்கெங்கோ சுற்றுகிறது. அதே டாக்டர் மேற்கே ஒரு ஊரில் வேறு பெயரில் கிளினிக் திறந்துவிட்டதாகவும், பவித்ரா அங்கேயும் போன் எடுப்பதாகவும் பேச்சு. தேவயானி அந்த ஊரின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்ததும் போவாள்.

விசாரணை முடிந்த அன்று இரண்டு பேரும் கடலூரில் விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்தார்கள். நல்ல கூட்டம். மடங்காத காலைக் கலியம்மாள் நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லை. குறிஞ்சிப்பாடி தாண்டியதும் கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, வழியில காலை நீட்டிக்கிட்டா ஜனங்க எப்படிப் போறது? மடக்கு காலை."

தேவயானிக்கு ரத்தம் கொதித்து மேலே ஏறியது. எழுந்திருக்கப் போனவளைக் கலியம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மடங்காதுங்க" என்றாள் கண்டக்டரை நிமிர்ந்து பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில். "ஏன் மடங்காதுன்னு கேளுங்க. சொல்றன். ஊரு வந்து சேர்ற வரைக்கும் சொல்றன். எல்லாரும் கேட்டுகினு வாங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.